முன் தாங்கியா, பைபாடா: தூர இலக்கு ரைஃபிளுக்கு எதை வாங்குவது

ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக்கொள்ளுங்கள், பிரிண்டரில் போடுகிற சாதாரணத் தாள். தடிமன் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர். ரைஃபிளின் முன் தாங்கலுக்கும் பின்னால் இருக்கும் மணல்பைக்கும் நடுவே 75 சென்டிமீட்டர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தத் தாளை முன்பக்கம் அடியில் சொருகிவிட்டு, வேறெதையும் தொடாமல் சுட்டால், 1000 கெஜத்தில் குண்டு 12 சென்டிமீட்டர் மேலே போய்த் தைக்கும். எஃப் கிளாஸ் என்ற தூர இலக்குப் போட்டியில் 1000 கெஜ இலக்கின் நடுவில் இருக்கும் எக்ஸ் வளையத்தின் விட்டமே 5 அங்குலம், அதாவது 12.7 சென்டிமீட்டர்தான். நட்டநடுவில் தைக்க வேண்டிய குண்டை ஒரு தாள் கனம் வளையத்துக்கு வெளியே தள்ளிவிடும்.

ரைஃபிள் மேல் மாட்டிய தொலைநோக்கியான ஸ்கோப்பில் பார்த்துத்தானே சுடுகிறோம், தாள் அளவு நகர்ந்தால் அதற்குள் தெரியும் குறுக்குக்கோடான கிராஸ்ஹேரும் நகர்ந்துவிடுமே, திருத்திக்கொள்ள மாட்டோமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் ட்ரிகர் விழுந்த பிறகு நடப்பதை யாராலும் பார்த்துத் திருத்த முடியாது. குண்டு பேரலுக்குள் ஓடிக்கொண்டிருக்கும்போதே ரைஃபிள் பின்னால் நகரத் தொடங்கிவிடுகிறது. 8 கிலோ எடையுள்ள .308 ரைஃபிள் என்றால், குண்டு வாயை விட்டு வெளியேறுவதற்குள் அது சுமார் 1 மில்லிமீட்டர் பின்னால் வந்திருக்கும். பத்துத் தாள் கனம். அந்த 1 மில்லிமீட்டர் பயணத்தில் முன்பக்கம் நேராக வழுக்குகிறதா, மேலே எம்புகிறதா, ஒரு பக்கம் சாய்கிறதா என்பதைத் தீர்மானிப்பது நீங்கள் எதன் மேல் வைத்திருக்கிறீர்கள் என்பதுதான்: தனியாக நிற்கும் முன் தாங்கியா, ரைஃபிளோடு மாட்டிய இரட்டைக்கால் பைபாடா.

அதனால் ரைஃபிளை அசையாமல் பிடித்து வைக்கும் சாமானைத் தேடாதீர்கள், அப்படி ஒன்று கிடையாது. ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி அசைய விட்டு, அதே இடத்துக்குத் திரும்ப வரச் செய்யும் சாமானைத் தேடுங்கள். கடைக்காரர் எடையைக் காட்டுவார், பளபளப்பைக் காட்டுவார். நீங்கள் திரும்பி வருகிறதா என்று பாருங்கள்.

முதலில் விதியைப் பாருங்கள்

போட்டிக்குப் போகிற எண்ணம் இருந்தால் பாதி முடிவை விதிப்புத்தகமே எடுத்துவிடும். எஃப் கிளாஸ் என்ற பெயரில் இருக்கும் அந்த ‘எஃப்’ கனடாவைச் சேர்ந்த ஜார்ஜ் ஃபார்குவார்சனிடமிருந்து வந்தது. கண்பார்வை மங்கி, ஸ்லிங் வார் கட்டிச் சுட முடியாமல் போன வயதானவர்கள் விளையாட்டை விட்டுப் போகக் கூடாது என்று அவர் ஸ்கோப்பும் தாங்கியும் வைத்துச் சுட வழி செய்தார். இன்று அது இரண்டு கிளையாக இருக்கிறது.

எஃப்-ஓப்பன் என்றால் ரைஃபிள் எடை ஸ்கோப்போடு 10 கிலோ வரை இருக்கலாம், பேரலுக்கு அடியில் இருக்கும் முன்கட்டை 76 மில்லிமீட்டர் அகலம் வரை தட்டையாக இருக்கலாம், அதைத் தனியாக நிற்கும் முன் தாங்கியின் மேல் வைத்துச் சுடலாம். தாங்கி ரைஃபிளோடு ஒட்டியிருப்பதில்லை என்பதால் அதன் எடை கணக்கில் வராது. எஃப்-டிஆர் என்றால் .308 வின்செஸ்டர், .223 ரெமிங்டன் என்ற இரண்டே தோட்டாக்கள்தான், ரைஃபிளோடு மாட்டிய பைபாட்தான், எடை ஸ்கோப்பு பைபாட் எல்லாம் சேர்த்து 8.25 கிலோ. இரண்டிலும் பின்னால் மணல்பை வைத்துக்கொள்ளலாம், ஆனால் அதைத் திருகு வைத்து ஏற்றி இறக்கும் இயந்திரமாக்கக் கூடாது, முன் தாங்கியோடு இணைத்து ஒரே சட்டமாக்கவும் கூடாது.

இதில் எஃப்-டிஆர்காரர்கள் கவனிக்க வேண்டியது எடை. பைபாடுக்குக் கொடுக்கும் ஒவ்வொரு 100 கிராமும் பேரலிலிருந்து எடுத்துக் கொடுக்கும் 100 கிராம். கனமான பேரல், பெரிய ஸ்கோப் எல்லாம் வாங்கிவிட்டுக் கடைசியில் பைபாட் பக்கம் வந்தால், தராசில் ஏற்றும்போதுதான் வயிறு கலங்கும். ரைஃபிளை இப்போது இருக்கிற நிலையில் எடை போட்டு, மிச்சம் எவ்வளவு என்று தெரிந்துகொண்டு அப்புறம் கடைக்குப் போங்கள். போட்டியே வேண்டாம், சும்மா மைதானத்தில் தூரம் சுட்டுப் பழக வேண்டும் என்பவர்களுக்கு இந்தக் கவலை எதுவும் இல்லை. அவர்கள் படுத்துச் சுடுகிறார்களா, மேசையில் உட்கார்ந்து சுடுகிறார்களா என்பதை மட்டும் முடிவு செய்தால் போதும். எப்போதும் ஒரே மேசை என்றால் முன் தாங்கி. நடந்து போய் இடம் மாறி மாறிச் சுடுவது என்றால் பைபாட். இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

பைபாட் என்றால் எந்த பைபாட்

பைபாட் என்று ஒரே பெயரில் இரண்டு வேறு சாதனங்கள் விற்கிறார்கள். முதலாவது எல்லாருக்கும் தெரிந்த மடக்கு வகை. ஹாரிஸ், அட்லஸ் போன்றவை. இரண்டு கால், மடக்கினால் பேரலுக்கு இணையாகப் படிந்துவிடும், விரித்தால் நிற்கும். ஹாரிஸில் கால்களை ஸ்பிரிங் இழுத்துப் பிடிக்கும், 6 முதல் 9 அங்குலம் வரை உயரும் மாடல்தான் படுத்துச் சுடுகிறவர்களிடம் அதிகம் பார்க்கலாம். அட்லஸ் வகையில் கால்களை வெவ்வேறு கோணத்தில் நிறுத்தலாம், தலை பக்கவாட்டில் திரும்பும், சாயும். இந்த வகை எல்லா வேலைக்கும் ஓரளவு ஒத்துவரும். வேட்டைக்கும் தூக்கிப் போகலாம், மைதானத்துக்கும் தூக்கிப் போகலாம்.

இரண்டாவது, இலக்குச் சுடுதலுக்கென்றே செய்த அகலக்கால் பைபாட். கால்களுக்கு நடுவே 40 சென்டிமீட்டர், அதற்கும் மேலே அகலம் இருக்கும். காலின் அடியில் ரப்பர் குமிழுக்குப் பதிலாகப் பனிச்சறுக்குக் கட்டை மாதிரி நீளமான சறுக்குப் பட்டை. துப்பாக்கி உதைக்கும்போது அது மண்ணைப் பிடித்து நிற்காமல் நேராகப் பின்னால் வழுக்கும், தள்ளினால் அதே தடத்தில் முன்னே போகும். இந்தோனேசியாவின் செப் லம்பாங் செய்த ஜாய்பாட் இந்த வகையில் பெயர் வாங்கியது. அதில் ஒரே ஒரு நீளக் குச்சியைப் பிடித்து அசைத்தால் மேலும் கீழும் பக்கவாட்டிலும் இலக்கைப் பிடிக்கலாம்.

அகலம் எதற்கு? வலது முறுக்கு உள்ள பேரலில் குண்டு வலதுபுறமாகச் சுழன்றுகொண்டு ஓடுகிறது, அதற்கு எதிர்வினையாக ரைஃபிள் இடதுபுறமாக உருளப் பார்க்கும். கால் குறுகலாகவும் ரைஃபிள் உயரமாகவும் இருந்தால் அந்த உருட்டலைத் தாங்குவதற்கு எதுவும் இல்லை. கால் அகலமாக, பேரல் தரைக்குப் பக்கத்தில் இருந்தால் உருள்வதற்கு இடமில்லை. அகலமான, தாழ்ந்த முக்காலியையும் குறுகலான, உயரமான ஸ்டூலையும் பார்த்தாலே தெரியும்.

உயரத்தில்தான் நிறையப் பேர் தவறு செய்கிறார்கள், நானும் செய்தேன். வசதியாக இருக்கட்டும் என்று நீளக்கால் மாடலாகப் பார்த்து வாங்கினேன். வாங்கிய பிறகு தெரிந்தது, படுத்துச் சுடும்போது அந்தக் காலை முழுக்கச் சுருக்கினாலும் எனக்கு இரண்டு அங்குலம் அதிகம். கழுத்தைத் தூக்கி, பின்பைக்கு அடியில் இன்னொரு பை, அதற்கு அடியில் மடித்த துண்டு என்று கோபுரம் கட்டிக்கொண்டிருந்தேன். கடையில் நின்றபடி காலை நீட்டி மடக்கிப் பார்த்தால் இது தெரியாது. வீட்டில் தரையில் படுத்து, நீங்கள் சுடும் நிலையில் தலையை வைத்து, முன்கட்டையின் அடியில் புத்தகங்களை அடுக்கி, கண் ஸ்கோப்புக்கு நேராக வரும் உயரத்தை அளந்துகொண்டு போங்கள். அந்த அளவு பைபாடின் மிகக் குறைந்த உயரத்துக்கும் மிக அதிக உயரத்துக்கும் நடுவில், கீழ்ப்பக்கமாகவே விழ வேண்டும். மேகசின் தரையில் இடிக்காமல் இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

சாய்வைத் திருத்தும் வசதி இல்லாத பைபாடை வாங்காதீர்கள். தரை எங்கேயும் மட்டமாக இருப்பதில்லை. ரைஃபிள் ஒரு பக்கம் சாய்ந்தால் குண்டு விழும் கணக்கே மாறிவிடும். 1000 கெஜத்துக்குப் போவதற்குள் குண்டு பேரல் கோட்டிலிருந்து 10 மீட்டர் அளவுக்குக் கீழே விழுகிறது என்றால், ஸ்கோப்பில் ஏற்றி வைத்திருக்கும் அந்தப் பத்து மீட்டரும் ரைஃபிளோடு சேர்ந்து சாய்கிறது, ஒரே ஒரு டிகிரி சாய்வுக்கு 17 சென்டிமீட்டர் பக்கவாட்டில் போய்விடும். காற்றென்று நினைத்து ஸ்கோப்பின் திருகைத் திருகிக்கொண்டிருப்போம். ஹாரிஸில் பெயரில் எஸ் வரும் மாடல்கள் சாயும். சாய்த்த பிறகு அதை இறுக்கிப் பூட்ட நல்ல நெம்புகோல் ஒன்றும் போட்டுக்கொள்ளுங்கள், கையால் திருகும் சிறு குமிழை படுத்தபடி எட்டுவது கஷ்டம். ஸ்கோப்பில் ஒரு குமிழி மட்டமும் ஒட்டிவிடுங்கள்.

மாட்டும் இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய ஸ்லிங் ஆணி, பிக்காட்டினி ரெயில், எம்-லாக், ஆர்க்கா என்று நாலு விதம் உண்டு. எது என்பதை ரைஃபிள் தீர்மானிக்கும். நீங்கள் தேர்ந்தெடுக்கக்கூடியது எவ்வளவு முன்னால் மாட்டுவது என்பது. முடிந்த மட்டும் முன்னால் மாட்டுங்கள். தாள் கணக்கை மறுபடி போட்டுப் பார்த்தால் புரியும், 75 சென்டிமீட்டர் இடைவெளி 50 ஆகக் குறைந்தால் அதே தாளுக்கு 12 சென்டிமீட்டர் 18 ஆகிவிடும். ஆனால் பைபாடோ வேறு எதுவோ பேரலைத் தொடக் கூடாது. ரைஃபிளின் உடல் கட்டையான ஸ்டாக்கின் முன்பகுதி மெல்லிய பிளாஸ்டிக்காக இருந்தால் பைபாடில் சாய்ந்து அழுத்தும்போது அது வளைந்து பேரலில் முட்டும். பேரலுக்கும் முன்கட்டைக்கும் நடுவே ஒரு தாளை விட்டு, பைபாடை அழுத்திக்கொண்டே தாளை இழுத்துப் பாருங்கள். தாள் சிக்கினால் பைபாடை மாற்றிப் பயனில்லை, ஸ்டாக்கைக் கவனிக்க வேண்டும்.

பைபாட் பிடிக்கிற விதமும் வாங்கும் முடிவில் வரும். மடக்கு வகையில் தோளால் கொஞ்சம் முன்னே தள்ளி, கால்களில் இருக்கும் ஆட்டத்தை எல்லாம் ஒரு பக்கமாக எடுத்துவிட்டுச் சுட வேண்டும். இவ்வளவு தள்ளினேன் என்பது ஒவ்வொரு முறையும் ஒரே அளவாக இருக்க வேண்டும், அதுதான் கஷ்டம். சறுக்குப் பட்டை வகையில் தள்ளவே கூடாது, லேசாகத் தொட்டு விட்டுவிட வேண்டும், துப்பாக்கி தன் பாட்டுக்கு வழுக்கட்டும். தோளை அழுத்திச் சுட்டுப் பழகியவர் சறுக்கு வகைக்கு மாறினால் முதல் ஒரு மாதம் திட்டிக்கொண்டேதான் இருப்பார். உங்கள் உடம்பு எதைக் கேட்கிறது என்று பாருங்கள். நண்பர் ஒருவர் வைத்திருப்பதை வாங்கி இருபது குண்டு சுட்டுப் பார்க்க முடிந்தால் அதைவிட நல்ல ஆலோசனை வேறு கிடையாது.

முன் தாங்கி

முன் தாங்கி என்பது மூன்று கால் உள்ள கனமான அடிப்பகுதி, அதன் மேல் ஏறி இறங்கும் தண்டு, தண்டின் தலையில் முன்கட்டையை ஏந்தும் மணல்பை. விலை குறைந்தவற்றில் வார்ப்பிரும்பு அடி, ஒரு பெரிய திருகுச் சக்கரம், அவ்வளவுதான். ஏற்றி இறக்கலாம், பக்கவாட்டில் போக ரைஃபிளின் பின்பக்கத்தைத்தான் நகர்த்த வேண்டும். அடுத்த படியில் பக்கவாட்டுக்கும் ஒரு திருகு வரும். அதற்கு மேலே குச்சி வகை. பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கம்பியைப் பிடித்து அசைத்தால் மேல் கீழ் இடம் வலம் எல்லாம் ஒரே அசைவில் வந்துவிடும். காற்று மாறிக்கொண்டே இருக்கும் நாளில், காற்றுக்கொடி விழுவதற்குள் மூன்று குண்டு போட வேண்டும் என்கிறபோது இதன் அருமை தெரியும். நின்று நிதானமாக ஒரு குண்டுக்கு ஒரு நிமிஷம் எடுத்துக்கொள்கிறவருக்குத் திருகு வகையே தாராளமாகப் போதும்.

குச்சி வகை வாங்குவதாக இருந்தால் குச்சியை விட்டவுடன் என்ன ஆகிறது என்று பாருங்கள். 10 கிலோ ரைஃபிளை ஏற்றி வைத்து, கிராஸ்ஹேரை ஒரு புள்ளியில் நிறுத்தி, கையை எடுங்கள். புள்ளியிலேயே நிற்க வேண்டும். மெல்லக் கீழே இறங்கினால் உள்ளே இருக்கும் இறுக்கத்தைக் கூட்டிப் பாருங்கள், கூட்டிய பிறகு குச்சி அசைக்கவே கனமாக இருந்தால் அந்தத் தாங்கி உங்கள் ரைஃபிள் எடைக்குச் செய்யப்பட்டதல்ல.

எடை? கனம் நல்லதுதான். லேசான தாங்கி ஒவ்வொரு உதைப்புக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் வரும். ஆனால் அதைவிட முக்கியம் கால்கள் ஊன்றுகிற விதம். புல்தரையில் கூர்முனை ஆணிகள் முழுக்க மண்ணுக்குள் இறங்க வேண்டும், வெறுமனே வைத்துவிட்டுச் சுட ஆரம்பித்தால் முதல் ஐந்து குண்டும் அந்த ஆணிகளை மண்ணில் இறக்கவே செலவாகும். உடல் எடையைக் கொடுத்து அழுத்தி, ஆட்டிப் பார்த்து, மறுபடி அழுத்துங்கள். சிமெண்ட் மேசை என்றால் ஆணிக்கு அடியில் ஒரு வட்டத் தகடு வேண்டும். மூன்று காலில் இரண்டு இலக்கைப் பார்த்து இருக்க வேண்டுமா, ஒன்றா என்பதற்குச் சண்டையே நடக்கும். தாங்கி எந்தப் பக்கம் நின்றால் உங்கள் கைக்குக் குச்சியோ திருகோ சரியாக எட்டுகிறதோ அப்படியே வையுங்கள்.

தலையில் இருக்கும் பையைத்தான் யாரும் சரியாகப் பார்ப்பதில்லை. முன்கட்டை 76 மில்லிமீட்டர் தட்டை என்றால் பையும் அந்த அகலத்துக்கே இருக்க வேண்டும், உருண்டையான முன்கட்டைக்கு உருண்டையான பை. இரண்டு பக்கமும் நிற்கும் காதுகள் முன்கட்டையைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும், இறுக்கிப் பிடிக்கக் கூடாது. இறுக்கினால் உதைப்பில் ரைஃபிள் வழுக்காமல் தாங்கியையே இழுக்கும், தளர்ந்திருந்தால் பக்கவாட்டில் அலையும். பைக்குள் மணல் கட்டியாக, விரலால் அழுத்தினால் பள்ளம் விழாத அளவுக்கு அடைத்திருக்க வேண்டும். முன்கட்டையில் ஸ்லிங் ஆணி நீட்டிக்கொண்டிருந்தால் கழற்றி எறியுங்கள், உதைப்பில் அது பையின் விளிம்பில் முட்டினால் அடுத்த குண்டு எங்கே போகும் என்று கடவுளுக்குத்தான் தெரியும். வழுக்கல் போதவில்லை என்றால் பையின் மேல் கொஞ்சம் டால்கம் பவுடர். ஈரமான நாளில் அதே பவுடர் பசையாகிவிடும், அன்றைக்கு வேண்டாம்.

காசு குறைவாக இருந்தால் பின்பக்கம் முதலில்

இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. முன்னால் விலையுயர்ந்த தாங்கி, பின்னால் பாதி காலியான, அமுக்கினால் தலையணை மாதிரி அமுங்கும் பை. இந்த ஜோடியை நான் பார்த்த அளவுக்கு வேறெதையும் பார்த்ததில்லை. தாள் கணக்கு பின்பக்கத்துக்கும் அப்படியே பொருந்தும். பை 0.1 மில்லிமீட்டர் அமுங்கினால் அதே 12 சென்டிமீட்டர், திசையும் அதேதான், பின்பக்கம் இறங்கினால் முன்பக்கம் மேலே பார்க்கும்.

படுத்துச் சுடுகிறவருக்கு அகலமான தட்டை அடிப்பகுதியும் முயல் காது மாதிரி இரண்டு காதுகளும் உள்ள கனமான பை வேண்டும். உள்ளே சாதாரண மணலைவிட அடர்த்தியான சிர்கான் மணல் போட்டால் அதே அளவு பை அதிக எடையாகி நகராமல் கிடக்கும். அடியில் இருக்கும் தரை மெத்தென்று இருந்தால் பை புதையும், அதற்காக வளையம் மாதிரி தைத்த இன்னொரு பையை அடியில் போடுகிறார்கள், அல்லது பலகை. பலகை உங்கள் போட்டியில் அனுமதியா என்று விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்டாக்கின் அடிப்பகுதி சரிவாக இருந்தால் உதைப்பில் பின்னால் வரும்போது ரைஃபிள் மேலும் கீழும் போகும், பேரலுக்கு இணையாக நேராக இருந்தால் போகாது. சரிவான ஸ்டாக்கோடு குச்சித் தாங்கி வாங்குவது வீண் செலவு என்றே சொல்வேன். முதலில் ஸ்டாக்கின் அடியில் நேரான பட்டை ஒன்றைப் பொருத்துங்கள்.

தரை செய்யும் வேலை

என் பைபாட் கதையை இன்னும் முடிக்கவில்லை. கோபுரம் கட்டிச் சுட்டுக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், 600 கெஜத்தில் என் குண்டுகள் எல்லாம் மேலும் கீழுமாக ஒரு கோடு போட்டுக்கொண்டிருந்தன. பக்கவாட்டில் அழகாக இருக்கும், உயரத்தில் இழுத்துக்கொண்டு போகும். வெடிமருந்து எடையில்தான் கோளாறு என்று முடிவு கட்டி, புதுத் தராசு வாங்கி, இரண்டு வாரம் ஒவ்வொரு தோட்டாவுக்கும் மருந்தைத் துகள் துகளாக அளந்தேன். ஒன்றும் மாறவில்லை. கடைசியில் பக்கத்து மேட்டில் படுத்திருந்த ஒருவர் இலக்கைப் பார்ப்பதை விட்டுவிட்டு என் பைபாடையே நாலு குண்டு பார்த்தார். “இடது கால் குதிக்குது, பார்த்தீங்களா” என்றார். சிமெண்ட் தளம், கடினமான ரப்பர் கால். ஒவ்வொரு குண்டுக்கும் இடது கால் அரை அங்குலம் எம்பி விழுந்துகொண்டிருந்தது, நான் கண்ணை ஸ்கோப்பில் வைத்திருந்ததால் எனக்குத் தெரியவேயில்லை. காரில் கிடந்த பழைய கால்மிதி ஒன்றைக் கால்களுக்கு அடியில் போட்டுச் சுட்டேன், கோடு சுருங்கி வட்டமாகிவிட்டது. தராசு இன்னும் வீட்டில் இருக்கிறது.

அதனால் வாங்கும் முன் நீங்கள் வழக்கமாகச் சுடும் தரை எது என்று பாருங்கள். கான்கிரீட் என்றால் ரப்பர் கால் துள்ளும், கம்பளமோ பாயோ வேண்டும். சரளைக் கல் என்றால் சறுக்குப் பட்டை ஒவ்வொரு குண்டுக்கும் ஒரு கல்லைத் தேடிப் பிடித்து முட்டும். புல் என்றால் நகம் வைத்த கால் பிடிக்கும், ஆனால் ஒரே இடத்தில் இருபது குண்டு சுட்டால் பள்ளம் தோண்டிவிடும். கால் அடிப்பகுதியைக் கழற்றி மாற்றக்கூடிய பைபாடாக இருந்தால் ரப்பர், ஆணி, சறுக்கு என்று மூன்றையும் வைத்துக்கொள்ளலாம். அகலக்கால் பைபாடோடு படுத்துச் சுடுகிறவர்கள் நிறையப் பேர் பைபாடுக்கென்றே தனியாக ஒரு தடித்த பாயைத் தூக்கிக்கொண்டு வருவது இதற்காகத்தான்.

வாங்கியதும் சோதிப்பது

துப்பாக்கியில் தோட்டா இல்லை என்பதை தோட்டா உட்காரும் சேம்பருக்குள் விரலை விட்டு இரண்டு தடவை பார்த்த பிறகு, மைதானத்தில், இலக்கை நோக்கியே இதைச் செய்யுங்கள்.

ஸ்கோப்பை அதிகபட்ச உருப்பெருக்கத்தில் வைத்து 100 கெஜ இலக்கில் ஒரு சிறு புள்ளியைப் பிடியுங்கள். தோட்டா இல்லாமலே ட்ரிகரை அழுத்துங்கள். கிராஸ்ஹேர் துள்ளினால் எந்தப் பக்கம் துள்ளுகிறது என்று பாருங்கள். பக்கவாட்டில் என்றால் பெரும்பாலும் உங்கள் விரல், மேலும் கீழும் என்றால் பின்பை. அடுத்து ரைஃபிளைக் கையால் பிடித்து இரண்டு அங்குலம் நேராகப் பின்னால் இழுங்கள், கிராஸ்ஹேர் போகும் பாதையைக் கவனித்துக்கொண்டே. நேர்கோட்டில் கொஞ்சம் நகர்ந்தால் பரவாயில்லை, இடதுபுறமாகவோ வலதுபுறமாகவோ வெட்டிக்கொண்டு போனால் முன் தாங்கியும் பின்பையும் இலக்கும் ஒரே கோட்டில் இல்லை. பின்பையை நகர்த்தித் திரும்பப் பாருங்கள். அப்புறம் முன்னே தள்ளி பழைய இடத்தில் நிறுத்துங்கள், கிராஸ்ஹேர் புள்ளிக்கு வருகிறதா? ஐந்து தடவை செய்து ஐந்து தடவையும் புள்ளிக்குப் பக்கத்திலேயே வந்தால் அந்தத் தாங்கியை நம்பலாம். தடவைக்கு ஒரு இடமாக வந்தால் திருப்பிக் கொடுக்கும் தேதி முடிந்துவிட்டதா என்று ரசீதைப் பாருங்கள்.

பைபாடுக்கு இன்னொன்று. கால்களைக் கையால் பிடித்துக்கொண்டு ரைஃபிளை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஆட்டம் கொஞ்சம் எதிலும் இருக்கும். ஒரு பக்கம் தள்ளியதும் ஆட்டம் முழுக்க நின்றுவிட வேண்டும், நிற்காமல் ரப்பர் மாதிரி இழுத்துக்கொண்டே போனால் அந்த மூட்டு பலவீனம்.

அதற்குப் பிறகு 100 கெஜத்தில் உண்மையான குண்டோடு ஐந்து ஐந்தாகச் சுட்டுப் பாருங்கள். இதை 100 கெஜத்திலேயே செய்யச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தூரம் போனால் மருந்து வேகத்தில் இருக்கும் ஏற்றத்தாழ்வும் மேல் கீழாகத்தான் காட்டும், காற்று பக்கவாட்டில் காட்டும், எது தாங்கியின் தப்பு என்று பிரிக்கவே முடியாது. 100 கெஜத்தில் அவை இரண்டும் அநேகமாகத் தெரியாது, தாங்கியின் தப்பு மட்டும் தெரியும். தாள் கணக்குப்படி 0.1 மில்லிமீட்டருக்கு இங்கே 12 மில்லிமீட்டர், கண்ணுக்கு நன்றாகத் தெரிகிற அளவு. ஒரு குண்டு மட்டும் தனியாகப் பறந்திருந்தால் அந்தக் குண்டுக்கு முன் எதைத் தொட்டீர்கள் என்று யோசியுங்கள். பக்கத்தில் ஒருவரை நிறுத்தி, இலக்கைப் பார்க்க வேண்டாம், கால்களையும் முன்கட்டையையும் மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். ஆள் இல்லாவிட்டால் போனை ஓரமாகச் சாய்த்து வைத்து மெதுவேக வீடியோ எடுங்கள். இரண்டு வாரமும் ஒரு தராசும் மிச்சமாகும்.

எல்லாம் சரியாக அமைந்த நாளில் பைபாட் காலின் நீளத்தையும், தாங்கித் தண்டின் உயரத்தையும், பின்பை ஸ்டாக்கில் உட்காரும் இடத்தையும் பெயிண்ட் மார்க்கரால் ஒரு கோடு போட்டு வைத்துவிடுங்கள். அடுத்த வாரம் புது இடத்தில் படுக்கும்போது அந்தக் கோடுகளில் ஆரம்பித்தால் போதும்.